சிப்பிக்கல் நகரில் ஒரு சிறை இரவு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடல் உப்பங்கழியாய் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் ஓரிடத்தில், புனித அகுஸ்தினாரின் பெயரைத் தாங்கிய சிறு நகர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் செயின்ட் அகஸ்டின் என்பர். 1565-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், அப்புனிதரின் திருநாளன்று, ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனெண்டெஸ் தம் கப்பலிலிருந்து இக்கரையைக் கண்டார். அதனால் வந்த பெயர். செப்டம்பர் 8-ஆம் நாள், தேவ அன்னையின் பிறந்தநாளில், அவர் கரை இறங்கியபோது குரு பிரான்சிஸ்கோ லோப்பெஸ் சிலுவையை ஏந்தி எதிர்கொண்டார். மண்டியிட்டு அதை முத்தி செய்த பின் திருப்பலி நிறைவேறிற்று. அந்நாட்டில் இடையறாது நிலைத்திருக்கும் ஐரோப்பியக் குடியேற்றங்களுள் இதுவே மூத்தது. பங்குகளுள்ளும் இதுவே மூத்தது.

ஃபுளோரிடா மாநிலத்துப் பங்கு ஒன்றில் விடுமுறைக்காலப் பணியாற்ற நாம் சென்றிருந்த சமயம், இத்தகைய திருத்தலத்தைக் காணாது திரும்புவது தகாது என எண்ணி, இரண்டு நாள் அவகாசம் பெற்றுப் புறப்பட்டோம். திருயாத்திரையாகப் போனோம் என்றே சொல்ல வேண்டும். போன இடத்தில் நம்மைப் பிடித்து நிறுத்தியதோ ஒரு கோவிலும் அன்று, கோட்டையும் அன்று. பழைய உணவுவிடுதி ஒன்று நின்ற இடம். அதைச் சொல்வதற்கு முன் ஊரைச் சற்றுச் சுற்றி வருவோம்.

இங்குள்ள பழைய கட்டடங்கள் சிப்பிக்கல்லால் ஆனவை. எண்ணிறந்த கடற்சிப்பிகள் மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, காலப்போக்கில் இறுகிய கல் இது. சுவரைத் தடவினால் ஓடுகளின் விளிம்பு விரலில் தட்டுகிறது. 1672-இல் தொடங்கி 1695-இல் கட்டி முடித்த சான் மார்க்கோஸ் கோட்டை இக்கல்லால் எழுந்ததே. முற்றுகையிட்ட ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டுகள் அச்சுவரைப் பிளக்கவில்லை. அதற்குள் புதைந்து நின்றன. கல் மென்மையானது, அடியை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும்.

முதல் திருப்பலி நடந்த இடத்தில் இன்று 208 அடி உயரச் சிலுவை ஒன்று நிற்கிறது. நகரின் 400-ஆம் ஆண்டு நிறைவையொட்டித் துருப்பிடிக்காத எஃகினால் எழுப்பியது. அதனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது அருகிலிருக்கும் சிற்றாலயம். குழந்தைக்குப் பாலூட்டும் அன்னையின் சுரூபம் அங்கே உளது. ஸ்பானியர் கொண்டுவந்த இப்பக்தி இன்றும் மங்கவில்லை. மகப்பேறு வேண்டி வருவோர், பேறுகாலம் நெருங்கியோர், பெற்ற பிள்ளையை ஏந்தி நன்றி கூற வருவோர் என இளம் குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கருவுற்ற இளம்பெண் ஒருத்தி தன் கணவன் தோளைப் பற்றியவாறு நெடுநேரம் அங்கு நின்றதைக் கண்டோம். அவர்கள் கறுப்பின மக்கள். அவர்களைக் கண்டு எவரும் ஒதுங்கவில்லை; எவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. இதில் என்ன புதுமை என வாசகர் கேட்கலாம். 1964-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் இந்த ஊரில் அத்தம்பதியர் ஓர் உணவுவிடுதிக்குள் நுழைந்து காப்பி கேட்டிருந்தால் சிறைக்குப் போயிருப்பர்.

இத்தனைக்கும் கறுப்பின மக்களின் வரலாற்றில் இவ்வூருக்குத் தனி மாண்பு உண்டு. ஆங்கிலேயரின் தோட்டங்களிலிருந்து தப்பி வரும் அடிமைகள் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்றால் அவர்கள் உரிமை மனிதர் என 1693-இல் ஸ்பானிய மன்னர் ஆணையிட்டார். அவ்வாறு வந்தோருக்காக நகரின் வடக்கே, சுமார் இரண்டு மைல் தொலைவில், 1738-இல் மோசே என்னும் கோட்டையூர் அமைந்தது. பிற்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடாக ஆன நிலப்பரப்பில், உரிமை பெற்ற கறுப்பின மக்கள் சட்டப்படி வாழ்ந்த முதல் ஊர் அதுவே. ஆயினும் நாம் உண்மையை மறைக்கலாகாது. அதே ஸ்பானியர் அதே நகருக்குள் அடிமைகளை வைத்திருந்தனர். நகரை நிறுவிய அதே 1565-இல், மாற்றுச் சபையினரான பிரெஞ்சுக்காரரைக் கரையோரத்தில் வெட்டிச் சாய்த்தவர் இதே மெனெண்டெஸ்தான். அக்கழிக்கு மத்தான்சாஸ் என்று பெயர். ஸ்பானிய மொழியில் படுகொலைகள் என்று பொருள். அக்கழியின் ஓரமாகச் செல்லும் வீதிக்கோ மெனெண்டெஸ் வீதி என்றே பெயர்.

நகரின் நடுவில் மரநிழல் நிறைந்த சதுக்கம் ஒன்று உண்டு. அதன் வடபுறத்தில் பேராலயம். சதுக்கத்தின் கீழ்க்கோடியில் தூண்கள் தாங்கிய திறந்த கொட்டகை ஒன்று நிற்கிறது. ஊரார் வழக்கில் அது அடிமைச் சந்தை. பேராலய வாசலில் நின்றால் கொட்டகை தெரிகிறது. கொட்டகையில் நின்றால் பேராலயத்தின் மணிக்கோபுரம் தெரிகிறது. 1964-இல் இரவுதோறும் கறுப்பின மக்கள் தங்கள் குடியிருப்பாகிய லிங்கன்வில்லிலிருந்து செபம் செய்து, பாடிக்கொண்டு இச்சதுக்கத்துக்கு ஊர்வலமாக வருவர். கூ க்ளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தார் தடிகளோடும் சங்கிலிகளோடும் காத்திருப்பர். ஜூன் 9-ஆம் நாள் இரவு, ஊர்வலத்தை நடத்தி வந்த ஆண்ட்ரூ யங் என்னும் இளம் போதகரைச் சதுக்கத்தின் மூலையில் அடித்து வீழ்த்தினர். பிற்காலத்தில் அவரே ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதராக விளங்கினார். அவர் நடந்த அடிச்சுவடுகளை வெண்கலத்தில் வார்த்து, 2011-இல் அந்த மூலையிலேயே பதித்துள்ளனர். எல்லாம் பேராலயத்தின் கண்முன் நடந்தவை.

லிங்கன்வில், 1866-இல் விடுதலை பெற்ற அடிமைகள் உண்டாக்கிய குடியிருப்பு. அதே 1866-இல் பிரான்சு நாட்டு லெ புய் நகரிலிருந்து புனித சூசையப்பர் சபைக் கன்னியர் எண்மர் இவ்வூருக்கு வந்தனர். விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க அவர்களை அழைத்து வந்தவர் ஆயர் அகுஸ்தின் வெரோ. இதே ஆயர் 1861-இல் இதே நகரில் அடிமை முறைக்குச் சார்பாக நீண்ட மறையுரை ஆற்றி, அது நூலாகவும் வெளிவந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனித உள்ளம் ஐந்தாண்டில் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வதா, எவ்வளவு காலம் தயங்கி நிற்கும் என்பதற்குச் சான்றாகக் கொள்வதா?

கன்னியரின் கதை அதோடு முடியவில்லை. வெள்ளையர் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது குற்றம் என ஃபுளோரிடா மாநிலம் 1913-இல் ஒரு சட்டம் செய்தது. கன்னியரோ கற்பித்துக்கொண்டே இருந்தனர். 1916-ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளாகிய திங்களன்று, புனித பெனடிக்ட் பள்ளியின் மூன்று கன்னியரைக் கைது செய்தனர். அவர்களுள் தோமசீன் என்னும் கன்னி அபராதமும் கட்ட மறுத்து, பிணையும் வேண்டாமென்று காவலில் இருந்தார். மே மாதத்தில் நீதிபதி, தனியார் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தார். இதைப் படித்தபோது நமக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் 1964-க்கு வரும்போது அப்பெருமை சற்றே வாடுகிறது.

அப்போராட்டத்தின் உள்ளூர்த் தலைவர் ராபர்ட் ஹேலிங் ஒரு பல் மருத்துவர். 1963-ஆம் ஆண்டு கோடையில் உணவுக்கடை ஒன்றில் அமர்ந்து உணவு கேட்ட நான்கு சிறாரைக் கைது செய்து, சுமார் ஆறு மாதம் சிறையிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் அடைத்து வைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஹேலிங்கையும் வேறு மூவரையும் கிளான் கூட்டத்தார் பிடித்துக் குற்றுயிராக்கினர். 1964 பிப்ரவரியில் அவர் வீட்டைத் துப்பாக்கியால் சுட்டனர். மனைவி மக்கள் தப்பினர், வளர்ப்பு நாய் செத்தது. நகரோ 400-ஆம் ஆண்டு விழாவுக்காக மத்திய அரசின் பணத்தை எதிர்நோக்கி வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. அந்நிலையில்தான் ஹேலிங்கும் அவர் தோழரும் மார்ட்டின் லூதர் கிங்கின் துணையை நாடினர். கிங் வந்தார். ஜூன் 11-ஆம் நாள், கழியோரம் இருந்த மான்சன் மோட்டார் லாட்ஜ் என்னும் விடுதியின் படிகளில் உணவு கேட்டு நின்றபோது கைதானார்.

அப்போது இம்மறைமாவட்டத்தின் மேய்ப்பர் பேராயர் ஜோசப் ஹர்லி. இவர் பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. இளங்குருவாக இருந்தபோது, பாப்பரசரின் பிரதிநிதி எட்வர்டு மூனியின் செயலராகப் பெங்களூரில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். அஞ்சாநெஞ்சரும்கூட. அமெரிக்கா போரில் இறங்குமுன்பே, 1941-இல், ஹிட்லரின் ஆட்சியே பெரும் அபாயம் என வானொலியில் முழங்கினார். அதனால் தம் சகோதர ஆயர் பலரின் அதிருப்தியையும் தேடிக்கொண்டார். அத்தகையவர் தம் பேராலய வாசலில் நடந்த போராட்டத்துக்குத் தோள் கொடுக்க முன்வரவில்லை. 1967-இல் காலமான அவரை இத்தனை ஆண்டு கழித்து நாம் தீர்ப்பிட வரவில்லை. தெருவில் கலகம், கோவிலுக்குள் இரு தரப்பு மக்கள் என்றிருக்கும் ஊரில் ஆயராக இருப்பது எத்தகையதென்று ஓரளவு அறிவோம். எனினும் அவ்வேளையில் வந்தவர் யார், வராதவர் யார் என்பதை மாற்றி எழுத நம்மால் இயலாது.

வந்தவர்கள் யூத ரபிமார். நற்செய்தியில் சீடர் நம் ஆண்டவரை எச்சொல்லால் அழைத்தனரோ அதே சொல்லால் இன்றும் யூத மக்கள் தங்கள் வேத போதகரை அழைக்கின்றனர். அந்த ஜூன் மாதத்தில் அவர்களுள் ஒரு பெரும் பிரிவினர் அட்லாண்டிக் சிட்டி என்னும் வடபுல நகரில் ஆண்டு மாநாடு கூட்டியிருந்தனர். அங்கே கிங்கின் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. முன்னரே இப்போராட்டத்தில் சிறை கண்டவரும் கிங்கின் நண்பருமான ரபி இஸ்ரயேல் டிரெஸ்னர் தம் தோழரைத் திரட்டினார். பதினாறு ரபிமாரும், அவர்கள் சபையின் சமூகப் பணித்துறையைச் சேர்ந்த ஆல்பர்ட் வோர்ஸ்பன் என்னும் பொதுநிலையினர் ஒருவரும் புறப்பட்டனர்.

ஜூன் 18-ஆம் நாள், வியாழக்கிழமை. பதினைந்து பேர் மான்சன் விடுதியின் முன், கறுப்பினத்தாரோடு சேர்ந்து நின்று செபம் செய்தனர், செபித்துக்கொண்டிருக்கும்போதே கைதாயினர். மற்ற இருவர், சைம்ஸ் என்னும் வேறோர் உணவுவிடுதியில் மூன்று கறுப்பினச் சிறாரோடு ஒரே மேசையில் அமர்ந்த குற்றத்துக்காகக் கைதாயினர். அமெரிக்க வரலாற்றில் ஒரே சமயத்தில் இத்தனை ரபிமார் கைதானது அதற்கு முன்னில்லை என்பர். இந்தக் களேபரத்துக்கிடையே சில கறுப்பின இளைஞரும் அவர்களோடு சேர்ந்த வெள்ளையரும் விடுதியின் நீச்சல் குளத்தில் குதித்தனர். விடுதி மேலாளர் ஜேம்ஸ் பிராக் அறைக்குள் ஓடி, கழுவப் பயன்படும் அமிலத்தை எடுத்து வந்து குளத்தில் ஊற்றினார். அவ்வளவு தண்ணீரில் அந்த அமிலம் எம்மட்டு? உடலுக்கு ஊறு நேரவில்லை. ஆனால் அமிலக் குடுவையோடு அவர் குனிந்து நிற்பதும், தண்ணீரில் ஓர் இளம்பெண் வாய்விட்டு அலறுவதும் புகைப்படமாகி, உலகெங்கும் நாளிதழ்களில் வெளிவந்தன. மனிதர் மூழ்கிய நீரைத் தீட்டு என்று கருதும் உள்ளத்தை விளக்க அந்த ஒரு படம் போதும். அதற்கு அடுத்த நாளன்று என்ன நடந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

பதினேழு பேரும் அன்றிரவு மாவட்டச் சிறையில் இருந்தனர். ஜூன் மாதத்து ஃபுளோரிடாவின் புழுக்கத்தை அங்கே தங்கியவர் அறிவர். நள்ளிரவிலும் காற்று அசையாது. உறக்கம் வராமல், தாங்கள் ஏன் வந்தோம் என்று ஒருவருக்கொருவர் மனந்திறந்து பேசிக்கொண்டனர். விடியற்காலை மூன்று மணிக்கு அதை எழுத்தில் வடித்தனர். அறைக்கு வெளியே நடைவழியில் தொங்கிய ஒற்றை மின்விளக்கின் வெளிச்சமே வெளிச்சம். எழுதத் தாள் ஏது? கிளான் கூட்டத்தார் இவ்வூரில் நடத்திய தாக்குதல்களைப் பற்றிய சைக்ளோஸ்டைல் அறிக்கை ஒன்று கைவசம் இருந்தது. அதன் பின்பக்கங்களில் எழுதினர். முன்பக்கத்தில் அடிபட்டோர் விவரம். பின்பக்கத்தில் இவர்கள் மனச்சான்று. பின்னாளில் யூத இறையியலில் பெரும் பெயர் பெற்ற ரபி யூஜின் போரோவிட்ஸ் அதை வடிப்பதில் முதன்மைப் பங்கு வகித்தார்.

அக்கடிதத்தை நாம் மூன்று முறை வாசித்தோம். அவர்கள் சொல்வதன் சாரம் இது: நாங்கள் வராமலிருக்க முடியாததால் வந்தோம். சகோதரன் குருதி சிந்தும்போது வாளாவிருக்க எங்களால் கூடவில்லை. முன்பு பலமுறை அவ்வாறு இருந்துவிட்டோம். ஹிட்லரின் உலைகளிலிருந்து புகை எழும்பியபோது முகமற்ற இலட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டு நின்றதை நினைவில் கொண்ட யூதர்களாக வந்தோம்.

சகோதரனின் குருதி என்னும் சொல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை வேதம் கற்றோர் உடனே உணர்வர். லேவியர் ஆகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில், அயலானை உன்னைப்போல் நேசி என்னும் கட்டளைக்கு இரண்டு வசனம் முன்னதாக இது வருகிறது. நம் மொழிபெயர்ப்புகள் அந்த வசனத்தைப் பல விதமாகச் சொல்கின்றன. யூத மரபோ அதன் எபிரேய மூலத்தை, அயலான் உயிருக்கு ஆபத்து நேரும்போது சும்மா நிற்காதே என்னும் தெளிவான சட்டமாகவே கொண்டுள்ளது. கொலை செய்யாதே என்பது வேறு, கொலை நடக்கும்போது நிற்காதே என்பது வேறு. நமக்குக் குருமடத்தில் பாவங்களைப் பகுத்துக் கற்பித்தபோது, கடமையில் தவறும் பாவம் எப்போதும் பட்டியலின் கடைசியில் வரும். அம்மக்களுக்கு அது வாழ்ந்து கற்ற பாடம். ஓராண்டுக்கு முன், 1963 ஆகஸ்டு 28-ஆம் நாள், அதாவது புனித அகுஸ்தினாரின் திருநாளன்று, வாஷிங்டன் நகரில் இரண்டரை இலட்சம் மக்கள் கூடினர். கிங் பேசுவதற்குச் சற்று முன்னர்ப் பேசியவர் ரபி யோவாக்கிம் பிரின்ஸ். பெர்லின் நகரில் ரபியாக இருந்து, 1937-இல் நாசிகளால் வெளியேற்றப்பட்டவர். அந்நாட்களில் தாம் கண்டறிந்தது யாதெனில், வெறுப்பினும் கொடியது மௌனம் என்பதே என்றார். அதே மேடையில் தொடக்க செபம் சொன்னவர் நம் பேராயர் பேட்ரிக் ஒபாயில் என்பதையும் குறிப்பிடுதல் நியாயம்.

கடிதத்தில் நம்மை இன்னும் ஆழமாகத் தொட்டது வேறொரு பகுதி. இவ்வூரில் வெறுப்பு நிறைந்த முகங்களைக் கண்டோம். ஆனால் அதைவிட எங்களைக் கலங்கச் செய்தது, நியாயம் எதுவென்று உள்ளத்தில் அறிந்தும் ஒதுங்கி நிற்கும் நல்ல மனிதரின் எண்ணிக்கை என்கிறார்கள். அதே மூச்சில், கறுப்பின மக்களைப் பற்றித் தாங்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்றும், உடன் நடந்து, உடன் உண்டு, உடன் கைதான பிறகே அவர்கள் துயரம் தங்களுக்கு நேர் துயரமாயிற்று என்றும் கூறுகிறார்கள். தாங்கள் செய்தது ஒரு பெரும்போரில் சிறு கைகலப்பு மட்டுமே என்றும் ஒத்துக்கொள்கிறார்கள். மீட்பராக வந்தோம் என்னும் தொனி ஓரிடத்திலும் இல்லை. உதவ வந்தோர் பலரிடம் நாம் காணாத பண்பு இது.

இவ்விரு மக்களின் உறவைப் பொன்முலாம் பூசிக் காட்டுவதும் சரியன்று. அன்று இந்நகருக்குள்ளேயே ஒரு யூத செபக்கூடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1923-இல் கட்டியது. அதைச் சார்ந்த சில குடும்பங்கள் வடக்கேயிருந்து வந்த ரபிமாரைக் கண்டு மகிழவில்லை, அஞ்சின. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1958 அக்டோபரில் அட்லாண்டா நகரில், இன ஒதுக்கலைக் கண்டித்து வந்த ரபி ஜேக்கப் ராத்சைல்டின் செபக்கூடத்தை வெடிவைத்துச் சிதைத்திருந்தனர். வந்தவர் இரண்டு நாளில் வீடு திரும்புவர். கடை வைத்திருப்பவன் அதே தெருவில் மறுநாளும் கதவைத் திறக்க வேண்டுமே! அஞ்சியவரைப் பழிப்பது எளிது. கிளான் கூட்டத்தார் கறுப்பினத்தாருக்கு அடுத்தபடியாக வெறுத்தது யூதரையும் கத்தோலிக்கரையும் அல்லவா?

பழைய நட்பும் உண்டு, பிற்காலக் கசப்பும் உண்டு. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய தேசியச் சங்கத்தில் தொடக்க நாள் முதலே யூதர் பலர் உழைத்தனர். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்தால் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அதில் பாதிக்கதையைத்தான் பலரும் சொல்வர். ரோசன்வால்ட் முழுத் தொகையையும் தருவதில்லை. ஊரார் தங்கள் பங்கைச் செலுத்தியாக வேண்டும். நிலமற்ற குடியானவர் காசாகவும் மரமாகவும் உடலுழைப்பாகவும் தந்தனர். கைகொடுத்தவர் ஒருவர் என்றால் கைபற்றி எழுந்தவர் தம் காலாலேயே எழுந்தனர். பின்னர் 1968-இல் நியூயார்க் நகரப் பள்ளிகளின் நிர்வாகத்தைக் குறித்து இரு சமூகத்தாருக்குமிடையே பெரும் பூசல் மூண்டது. அதன் வடு நெடுங்காலம் ஆறவில்லை. வறுமையும் வாடகையும் கடனும் இடையில் வரும்போது நட்புக்குச் சோதனை வருவது இயல்பே.

இனி, சொல்வதாக விட்டுவைத்த செய்தி. ரபிமார் சிறையில் கண்விழித்த ஜூன் 19-ஆம் நாள், வாஷிங்டனில் செனட் சபை குடியுரிமைச் சட்டத்தை 73-க்கு 27 என்ற வாக்கில் நிறைவேற்றியது. பல வார இழுபறிக்குப் பின் வந்த வெற்றி அது. ஜூலை 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒப்பமிட்டார். விடுதி, உணவகம் முதலிய பொது இடங்களில் இன ஒதுக்கல் அன்றோடு சட்டவிரோதமாயிற்று. அமிலம் ஊற்றிய பிராக்கும் சட்டத்துக்குப் பணிந்து கறுப்பினத்தாருக்கு உணவு பரிமாறத் தலைப்பட்டார். அதற்குப் பரிசாக, அதே ஜூலை மாதத்தில் நிறவெறியர் அவர் விடுதியின் உணவகத்தில் தீக்குண்டு வீசினர்! கொடியவராக உலகம் கண்ட அம்மனிதரும் தம் ஊராரின் வெறிக்கு ஒரு வகையில் அடிமையாகவே இருந்தார் போலும்.

ஆனால் செனட் வாக்களித்த இரண்டாம் நாளே, ஜூன் 21-ஆம் தேதி, மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று இளைஞர் காணாமற்போயினர். கிளான் கூட்டத்தார் தீயிட்டுக் கொளுத்திய கறுப்பினக் கோவில் ஒன்றைப் பார்வையிடச் சென்றவர்கள் அவர்கள். மைக்கேல் ஷ்வெர்னருக்கு வயது 24, ஆண்ட்ரூ குட்மனுக்கு 20. இருவரும் நியூயார்க் நகர யூதர். ஜேம்ஸ் செய்னிக்கு வயது 21. அவ்வூர்க் கறுப்பின இளைஞர். ஆகஸ்டு 4-ஆம் நாள், ஒரு மண்ணணைக்கடியில் மூவர் சடலமும் ஒருங்கே கிடைத்தன. செய்னி கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர், நம் திருச்சபையின் பிள்ளை என்னும் செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தம் மகனைச் செய்னியின் பக்கத்திலேயே அடக்கம் செய்ய ஷ்வெர்னரின் பெற்றோர் விரும்பினர். கல்லறையிலும் நிறம் பார்க்கும் நாடாக இருந்தது மிசிசிப்பி. அவர்கள் விருப்பம் நிறைவேறவில்லை. கொலையாளிகள் ஒன்றாய்ப் புதைத்தவர்களை அடக்கச் சடங்கு பிரித்தது.

அவ்வாண்டு செப்டம்பரில், போலந்து நாட்டில் பிறந்து நாசிகளிடமிருந்து தப்பி வந்த ரபி ஆபிரகாம் ஹெஷெல் உரோமையில் ஆறாம் பவுல் பாப்பரசரைச் சந்தித்து, யூத மக்களைப் பற்றிச் சங்கம் வெளியிடவிருந்த ஏட்டைக் குறித்து மன்றாடினார். 1965 மார்ச்சில் அதே ஹெஷெல், வெண்தாடியோடு, அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் கிங்கின் வரிசையில் நடந்தார். அந்த மாதத்தில் கன்னியரும் குருக்களும் செல்மாவுக்குத் திரண்டு வந்திருந்தனர். அக்டோபர் 28-ஆம் நாள் சங்கத்தின் ஏடு வெளியாயிற்று. இறைவனின் சாயலான மனிதருள் சிலரைச் சகோதரராக நடத்த மறுத்தால், அனைவர்க்கும் தந்தையாகிய இறைவனைக் கூவி அழைக்க நமக்கு வாயில்லை என்று அது போதிக்கிறது. குருமடத்தில் அந்த ஏட்டை மனப்பாடமாகப் படித்தோம். அதன் மை உலருமுன் எத்தனை பேர் தெருவில் நின்று அதற்கு உரை எழுதினர் என்பதை மான்சன் வாசலில் நின்றபோதே எண்ணிப் பார்த்தோம்.

மான்சன் விடுதி இன்று இல்லை. 2003-இல் இடித்துவிட்டனர், அங்கே பெரிய ஓட்டல் ஒன்று எழுந்துள்ளது. கிங் நின்று கைதான படிகளை மட்டும் பெயர்த்துப் பாதுகாத்து, விவரப் பலகையோடு வைத்துள்ளனர். பயணிகள் பெட்டிகளோடு வருகின்றனர், போகின்றனர். எதிரே மத்தான்சாஸ் கழியில் பாய்மரப் படகுகள் அசைந்தாடுகின்றன. 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐம்பது ஆண்டு கடந்தபின், அந்த ரபிமாருள் உயிருடனிருந்தோரில் சிலர் இந்நகருக்குத் திரும்பி வந்தனர். இளமையில் காவல் வண்டியில் ஏறியவர்கள் இம்முறை முதியவராக வந்து, சிறையில் எழுதிய கடிதத்தை மீண்டும் உரக்க வாசித்தனர். டிரெஸ்னர் 2022-இல் காலமானார். உள்ளூர் யூத வரலாற்றுக் கழகத்தார் ஜூன் 18 வரும்போது அக்கடிதத்தை அவ்விடத்தில் மக்கள் முன் வாசிக்கும் வழக்கத்தை விடாது நடத்தி வருகின்றனர். 1964-இல் ரபிமாரைக் கண்டு அஞ்சிய அதே சிறு சமூகத்தைச் சார்ந்தவர்கள்தாம் அவர்களும்.